வானொலியும் நம் இளைஞரும்

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்விரண்டையும் அடுத்துக் கேள்விக்கென மற்றோர் அதிகாரம் வகுத்தார். நூல்களைக் கற்க வாய்ப்பில்லாதவனும் கற்றோர் சொல்லைக் காதால் கேட்டேனும் அறிவு பெறலாம் என்பது அவர் கருத்து. ஏடும் அச்சும் அருகியிருந்த காலத்து நம் முன்னோர் இவ்வாறே கற்றனர். இராமாயணமும் பாரதமும் அவர்களிற் பெரும்பாலோர்க்குப் படித்து வந்தவை அல்ல; கேட்டு வந்தவை. அக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் வாய்த்த புதிய கருவி வானொலி. அதன் முன் அமர்ந்து கேட்பதற்கு நம் மக்கள் விரைவில் பழகினர். ஆனால் அதன் உள்ளிருந்து பேசுவதற்கும் கதை சொல்வதற்கும் இளைஞரைப் பழக்கியவர் யாவர்? எவ்வாறு பழக்கினர்? அவ்வரலாற்றில் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் தமிழராகிய நமக்குரிய பங்கு யாது? இவற்றைச் சிறிது ஆராய்வது இம்மலருக்குப் பொருத்தமாகும் என எண்ணுகிறோம்.

கதை கேட்ட மண்

நாம் வாழும் மண் இரண்டு மொழிகளின் எல்லை மண். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடத்தை வட எல்லையாகக் கூறுகிறது. அவ்வேங்கடத்தின் அடிவாரத்திலேயே நமது வீடுகள் இருக்கின்றன. 1911 ஏப்ரல் 1-இல் வடார்க்காட்டின் சில தாலுக்காக்களையும் கடப்பையின் சில தாலுக்காக்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அம்மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைக் கிளர்ச்சிகளின் பின்னர் 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி முதலான பகுதிகள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. சத்தியவேடு முதலான பகுதிகள் ஆந்திரத்துடன் இணைந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, கோட்டின் இருபுறமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் மாறவில்லை.

இம்மண்ணில் கதை கேட்கும் வழக்கம் மிகப் பழையது. சித்தூர் வட்டாரத்தில் தர்மராஜர் கோயில் திருவிழாக்களை அறியாதவர் இரார். பகலில் பாரதப் பிரசங்கம் நடைபெறும். இரவில் அதே கதை கூத்தாக நடிக்கப்பெறும். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறும் நாளும், மண்ணாற் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் முன் பதினெட்டாம் போர் நிகழும் நாளும் ஊரே திரளும். பின்னர் தீமிதி நடைபெறும். தமிழ்நாட்டில் தமிழில் நிகழும் இக்கூத்து, சித்தூர்ப் பகுதியில் தெலுங்கிலும் நிகழ்கிறது. மொழி வேறாயினும் கதை கேட்கும் கூட்டம் ஒன்றே. சித்தூர் நகரிலோ இராம விலாச சபை என்னும் நாடக சபை புகழ் பெற்றிருந்தது. பின்னாளில் திரையுலகில் சித்தூர் நாகையா எனப் போற்றப்பெற்றவர் இளமையில் அச்சபையில் நடித்தவரே. ஆகவே, கதையை வாயாற் சொல்லிக் காதுக்கு ஊட்டுவது இங்கே யாரும் புதிதாகக் கொண்டுவந்து புகுத்தவேண்டிய கலை அன்று.

சென்னையில் எழுந்த ஒலி

தென்னாட்டில் ஒலிபரப்பின் வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1924 மே 16-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை நிறுவினர். அவ்வாண்டு ஜூலை 31 முதல் அச்சங்கம் ஒலிபரப்பத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றது. ஆனால் சங்கத்தின் ஒலிபரப்புக் கருவி வீணாகவில்லை. சென்னை நகராண்மைக் கழகம் அதனைப் பெற்று 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. அந்நாள் நிகழ்ச்சிகளில் நாம் சிறப்பாகக் கருதத் தக்கது ஒன்றுண்டு. பள்ளி நடைபெறும் நாள்களில் மாலை வேளையில் நகராண்மைப் பள்ளிச் சிறுவர்க்கென இசைப் பாடமும் கதையும் ஒலிபரப்பப்பெற்றன. தென்னாட்டு வானொலி பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே குழந்தைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கிவிட்டது என்பதற்கு இது சான்று.

1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு மே 16-இல் திருச்சி நிலையம் தொடங்கியது. அக்காலத்தில் தெலுங்கு மொழிக்கெனத் தனி நிலையம் அகில இந்திய வானொலியில் இல்லை. 1948 டிசம்பர் 1-இல் விஜயவாடா நிலையம் வரும்வரை சென்னை நிலையமே தமிழிலும் தெலுங்கிலும் பேசியது. சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகலின், ஒரே நிலையத்தின் இரு மொழிக் குரலும் இங்குள்ளார்க்கு உரியனவாயின. 1963-இல் கடப்பையில் நிலையம் அமைந்தது. பின்னர்த் திருப்பதியிலும் ஒன்று அமைந்தது.

இரு அண்ணன்மார்

சென்னை நிலையத்தில் சிறுவர் நிகழ்ச்சியை நடத்திய ஆர். அய்யாசாமி அவர்களை நாட்டுக் குழந்தைகள் 'ரேடியோ அண்ணா' என அழைத்தனர். அதே நிலையத்தில் தெலுங்குக் குழந்தைகளுக்கு நியாயபதி ராகவராவ் 'ரேடியோ அன்னய்ய' ஆனார். அவர் துணைவியார் காமேசுவரி 'ரேடியோ அக்கய்ய' ஆனார். ஒரே கட்டடத்தில் ஒரு தமிழ் அண்ணாவும் ஒரு தெலுங்கு அண்ணாவும் வீற்றிருந்த அக்காட்சியை நினைக்கும்போது, இரு மொழிக்கும் நடுவே வாழும் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

இவர்கள் செய்த பெரும் பணி யாது? குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தியது மட்டுமன்று. குழந்தைகளைக் கொண்டே நிகழ்ச்சி நடத்தியது. பெரியவர் ஒருவர் குழந்தைக் குரலை வருவித்துக்கொண்டு பேசுவதைக் காட்டிலும், ஒரு குழந்தை தன் குரலிலேயே பேசுவது கேட்கும் குழந்தையை எளிதில் ஈர்க்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே பாட்டும் நாடகமும் கதையும் சிறுவர் வாயிலிருந்தே வந்தன. ராகவராவ் தம்பதியர் 1945-இல் 'பாலா' என்னும் சிறுவர் இதழையும் சென்னையிலிருந்து தொடங்கினர். பின்னாளில் ஓவியத்திலும் எழுத்திலும் பெரும் புகழ் எய்திய பாப்புவும் முள்ளபூடி வெங்கட ரமணாவும் சிறுவராய் இருந்தபோது வரைந்தும் எழுதியும் கை பழகியது அவ்விதழில்தான். பின்னர் இத்தம்பதியர் ஐதராபாத் சென்று அங்கும் அப்பணியைத் தொடர்ந்தனர். தமிழில் கூத்தபிரான் அவர்கள் 'வானொலி அண்ணா'வாக இருந்து பல தலைமுறைச் சிறுவரை ஒலிவாங்கியின் முன் நிறுத்திப் பழக்கினார்.

கடல் கடந்த இலங்கையிலும் இதே முறை நிகழ்ந்தது. இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியை நடத்தியவர் 'வானொலி மாமா' எனப்பட்டார். பின்னாளில் உலகத் தமிழரெல்லாம் அறிந்த அறிவிப்பாளராய் விளங்கிய பி. எச். அப்துல் ஹமீத் சிறுவராக நுழைந்தது அந்நிகழ்ச்சியின் வழியேயாம். அண்ணா, அக்கா, மாமா என்னும் உறவுப் பெயர்களைக் கவனித்தல் வேண்டும். ஆசிரியர் என்றோ அதிகாரி என்றோ அவர்கள் அழைக்கப்பெறவில்லை. இக்கலை வகுப்பறையில் கற்பிக்கப்படாமல், வீட்டில் மூத்தவர் இளையவர்க்குச் சொல்லித்தரும் முறையிலேயே கற்பிக்கப்பட்டது.

இக்கலைக்குத் தமிழில் நூலும் எழுந்தது. யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம், இலண்டன் பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' எனப் பெயர் சூட்டியவர். அவர் எழுதிய 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலுக்கு இராஜாஜி முன்னுரை வழங்கினார். வானொலியில் எழுதவும் பேசவும் விரும்புவோர்க்குத் தாய்மொழியிலேயே வழிகாட்டி வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

கேட்போர் பேசுவோர் ஆதல்

வானொலியின் ஒரு குறை தொடக்கம் முதலே அறிஞர் கண்ணுக்குப் பட்டது. அது பேசும், நாம் மறுமொழி கூற இயலாது. இக்குறையை நீக்கக் கனடா நாட்டில் 1941-இல் உழவர் வானொலி மன்றங்கள் தோன்றின. அண்டை வீட்டார் கூடி ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு, விவாதித்து, செயலில் இறங்குவது அவற்றின் முறை. 1956-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் பூனா முதலிய 5 மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் இம்முறை நம் நாட்டிலும் சோதிக்கப்பெற்றது. அதன் வெற்றியைக் கண்டு 1959-இல் நாடு முழுவதற்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 1960-களில் தஞ்சை உழவர் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி வாயிலாக அறிந்து பயிரிட்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு வழங்கியதை நாம் அறிவோம்.

1969-இல் டில்லியில் 'யுவ வாணி' தொடங்கியது. இளைஞரே எழுதி, இளைஞரே பேசி, இளைஞரே தொகுத்து வழங்கும் நிகழ்ச்சிகள் அதன் வாயிலாக வந்தன. ஆயினும் நிலையத்தின் வாயிலுக்குள் புக வாய்ப்புப் பெற்ற இளைஞர் மிகச் சிலர். சிற்றூரில் இருந்தவர்க்கு அவ்வாயில் மிகத் தொலைவிலேயே இருந்தது.

1995 பிப்ரவரி 9-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து. எவர்க்கும் தனியுரிமை ஆகா என்பது அதன் சாரம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி. பி. சாவந்த். எனினும் சட்டம் உடனே திறந்துவிடவில்லை. ஆந்திரத்தில் கர்நூலை அடுத்த ஓர்வகல்லில் 2002-இல் மகளிர் குழுவினர் 'மன ரேடியோ' என்னும் சிறு ஒலிபரப்பைத் தொடங்கினர். உரிமம் இல்லை என்று சில மாதங்களில் அது நிறுத்தப்பட்டது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் உரிமம் வழங்க அரசு இசைந்தது. அதன்படி 2004 பிப்ரவரி 1-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எப்.எம்.' தொடங்கிற்று. இந்திய நாட்டில் முதற் சமுதாய வானொலி அதுவே. 2006 நவம்பரில் வகுத்த விதிகளின்படி தொண்டு நிறுவனங்களும் உரிமம் பெறலாயின. ஒலிபரப்புக் கருவியின் ஆற்றல் 100 வாட் அளவிற்கு உட்பட வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியேனும் அவ்வட்டாரத்திலேயே ஆக்கப்பெற வேண்டும் என்பன அவ்விதிகளுட் சில. பாதி நிகழ்ச்சி உள்ளூரில் ஆக்க வேண்டுமாயின், ஆக்கத் தெரிந்தவர் உள்ளூரில் இருத்தல் வேண்டும் அன்றோ? பயிற்சி இன்றியமையாதது என்பதை விதியே மறைமுகமாகக் கூறிவிட்டது.

அண்டை ஊரில் கண்ட வழி

உரிமம் வருமுன்னரே வழி கண்ட ஊர் ஒன்று நம் மாவட்டத்தின் மேற்கு எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டத்தில் இருக்கிறது. பூதிக்கோட்டை என்பது அதன் பெயர். ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்றில் இடம்பெற்றது. 2001 அளவில் 'வாய்சஸ்', 'மைராடா' என்னும் தொண்டு நிறுவனங்கள் யுனெஸ்கோவின் ஆதரவுடன் அங்கே 'நம்ம த்வனி' என்னும் சிறு ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தன. ஊர் இளைஞர்க்கும் மகளிர்க்கும் ஒலிப்பதிவும், நேர்காணலும், கதையமைப்பும், தொகுப்பும் கற்பிக்கப்பெற்றன. வானில் ஒலிபரப்ப உரிமை இல்லையே என்று அவர்கள் சோர்ந்துவிடவில்லை. முதலில் பதிவு நாடாக்களைக் குழுக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர். பின்னர், தொலைக்காட்சிக்காக வீடுதோறும் சென்ற கம்பி வழியாகவே தம் நிகழ்ச்சிகளை அனுப்பினர். சட்டத்தை மீறாமலும் சட்டத்திற்காகக் காத்திராமலும் அவர்கள் கண்ட இவ்வழி போற்றத் தக்கது.

மற்றொரு சான்று, இன்று தெலங்கானத்தில் உள்ள சாகீராபாத் பகுதியைச் சேர்ந்தது. தக்காணத்து வளர்ச்சிச் சங்கத்தின் உறுப்பினரான ஒடுக்கப்பட்ட சமூகத்து உழவுப் பெண்டிர் உரிமம் கிடைக்குமுன்பே ஒலிப்பதிவைக் கற்றனர். பல ஆண்டுகள் தங்கள் விதை, பயிர், பாட்டு, திருவிழா, மருந்து ஆகியவற்றைப் பற்றி ஒலிநாடாக்களில் பதிந்து சேர்த்தனர். 2008 அக்டோபர் 15-இல் மாச்சனூரில் 'சங்கம் ரேடியோ' முறைப்படி தொடங்கியபோது, அதனைத் திறந்துவைத்தவர் 1995-இல் அத்தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி சாவந்த் அவர்களே. நிலையத்தை நடத்தியவர் நரசம்மா என்னும் ஒரே பெயருடைய இரு இளம் பெண்கள். கருவி வந்த பின் பயிலலாம் என்று அவர்கள் இருந்திருப்பின், உரிமம் வந்த அன்று ஒலிபரப்ப ஒன்றும் இருந்திராது.

தமிழ்நாட்டிலும் இவ்வியக்கம் வேரூன்றியது. சென்னை எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரி மாணவியர் 2005 முதல் தம் கல்லூரி வானொலியை நடத்தினர். பாம்பனில் 2016-இல் மீனவர்க்கெனக் 'கடல் ஓசை' தோன்றியது. கடற்கரையில் பிறந்த இளைஞர் கடலைப் பற்றிக் கடலோர மொழியிலேயே பேசுவதைக் கேட்கும்போது, அம்மொழிக்கு ஒரு மதிப்பு உண்டாகிவிடுகிறது.

ஒலிக்கதை அமையும் முறை

இனி, ஒலிக்கதையை இளைஞர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்பதைக் காண்போம். உலகில் வானொலிக்கென்றே எழுதப்பெற்ற முதல் நாடகம் 1924 ஜனவரி 15-இல் பி.பி.சி. ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூசின் நாடகம் என்பர். நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்துபோய் இருளில் சிக்கியவர்களைப் பற்றியது அது. கேட்போர்க்கும் காட்சி இல்லை; கதை மாந்தர்க்கும் காட்சி இல்லை. இருசாராரும் ஒரே இருளில் இருந்தனர். வானொலிக்கு ஏற்ற பொருளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. கண்ணாற் காணவேண்டியதைச் சொல்லால் விளக்கிக்கொண்டிருத்தல் தொடக்கத்தார் செய்யும் பிழை. காதாற் கேட்கத் தக்கதைத் தேர்ந்தெடுத்தலே முதற் படி.

இரண்டாவது, சொல். எழுதிய உரை வேறு. பேசும் உரை வேறு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 சொற்களே தமிழில் தெளிவாக ஒலிக்கும். பத்து நிமிடக் கதைக்கு 1000 சொற்கள் போதும். நீண்ட வாக்கியத்தின் முடிவு வருமுன் கேட்பவர் அதன் தொடக்கத்தை மறந்துவிடுவர். திரும்பிப் படிக்க அவர் கையில் ஏடு இல்லை. ஆகவே எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்து, நா இடறும் இடமெல்லாம் திருத்த வேண்டும்.

மூன்றாவது, குரலும் கருவியும். அந்நாளில் நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பாயின. பிழை நேர்ந்தால் திருத்த வழி இல்லை. பின்னர் ஒலிநாடா வந்தது. வேண்டாத பகுதியைக் கத்தியால் அறுத்து நீக்கி, இருமுனைகளையும் ஒட்டினர். குதிரைக் குளம்பொலிக்குத் தேங்காய்ச் சிரட்டைகளும் இடியோசைக்குத் தகரத் தகடும் உதவின. இன்று கைப்பேசி ஒன்றே ஒலிவாங்கியும் பதிவுக் கருவியும் தொகுப்புக் கூடமும் ஆகிவிட்டது. எனினும் பழைய விதிகள் மாறவில்லை. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். மிக நெருங்கினால் பகரம் வெடித்து ஒலிக்கும். மிக விலகினால் அறையின் எதிரொலி குரலை விழுங்கும். சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டால் எதிரொலி தணியும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். பேச்சு முடிந்த பின் அவ்விடத்தின் வெற்று ஓசையை ஒரு நிமிடம் தனியே பதிந்துகொண்டால், தொகுக்கும்போது இடைவெளிகளை இயல்பாக நிரப்ப உதவும்.

நான்காவது, கதை சொல்லும் அமைப்பு. இதற்கு நம் மண்ணிலேயே நல்ல ஆசிரியர் உண்டு. தெலுங்கு புர்ரகதையில் மூவர் நிற்பர். நடுவில் நிற்பவர் கதை சொல்வார்; ஒருபுறத்தார் நகைச்சுவை கூட்டுவார்; மறுபுறத்தார் நாட்டு நடப்பை இணைத்துப் பேசுவார். நம் வில்லுப்பாட்டிலும் தலைமைப் பாடகர் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருப்பவர் 'ஆமா' போட்டுக் கேள்வி எழுப்புவார். கேட்பவர் மனத்தில் எழும் ஐயத்தை மேடையிலேயே ஒருவர் கேட்டுவிடுவதால் கதை சலிப்பதில்லை. கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டில் பாடி மக்களைக் கவர்ந்தமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணம். மூன்று சிறுவரை அமர்த்தி, ஒருவர் சொல்ல, ஒருவர் வினவ, ஒருவர் சிரிப்பூட்டுமாறு செய்தால், ஒலிக்கதையின் இலக்கணத்தைத் தனியே உரைக்க வேண்டுவதில்லை.

ஐந்தாவது, அறம். முதியவர் ஒருவரின் வாழ்க்கைக் கதையைப் பதியும் இளைஞர் முன்னதாக அவர் இசைவைப் பெற வேண்டும். தொகுத்த பின் முதலில் அவருக்கே அதனைக் கேட்பித்து, வேண்டாம் என்று அவர் கூறும் பகுதியை நீக்கிவிட வேண்டும். வெட்டி ஒட்டும் ஆற்றல் கைவந்தவனுக்கு, ஒருவர் கூறாததை அவர் கூறியதுபோல ஆக்கவும் இயலும். ஆதலின் இப்பாடத்தைக் கடைசியாக வைக்காமல், கருவியைக் கையில் கொடுக்கும் அன்றே கற்பித்தல் நலம்.

நமக்கு இதனால் என்ன?

இத்துணையும் கூறியது வெறும் வரலாற்று ஆர்வத்தால் அன்று. நமது காலனிக் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்ப்போம். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது நன்றே. நாம் வாழும் நாட்டின் மொழியைப் பிழையறக் கற்பது நம் கடமையுமாகும். ஆயின் வீட்டில் தமிழ் பேசும் அப்பிள்ளைகளிற் பலர்க்குத் தமிழ் எழுத்துத் தெரிவதில்லை. இம்மலரைக் கையில் எடுத்து, படங்களை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடும் பிள்ளை நம்மில் எத்தனை வீட்டில் இல்லை? இக்கட்டுரையையும் அவர்களுக்கு யாரேனும் படித்துக் காட்டவேண்டிய நிலைமையே பல வீடுகளில் உளது.

அப்பிள்ளைகள் தமிழை இழந்துவிட்டனர் என்று கூறுவது பொருந்தாது. அவர்களிடம் செவித் தமிழ் இருக்கிறது. கண் தமிழ்தான் இல்லை. பாட்டி சொன்ன கதை அவர்களுக்குப் புரிகிறது. பாட்டியிடம் வேலூர்ப் பக்கத்துச் சொல்லும் தெலுங்குச் சொல்லும் கலந்த ஒரு தனித் தமிழ் இருக்கிறது. அத்தமிழ் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. அப்பாட்டியர்க்குப் பின் அது எங்கே இருக்கும்? எழுத்தறியாப் பேரனும் ஏடெழுதாப் பாட்டியும் சேர்ந்து செய்யக்கூடிய தமிழ்ப் பணி ஒன்று உண்டென்றால், அது ஒலிக்கதையே. மற்றெல்லாப் பணிக்கும் அவ்விருவரும் நம்மால் வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

இன்னொரு நன்மையும் இதில் அடங்கியிருக்கிறது. கதையைப் பதியத் தொடங்கும் சிறுவனுக்கு விரைவில் குறிப்பு எழுதவேண்டிய தேவை வரும். முதலில் தெலுங்கு எழுத்திலேயே தமிழ்ச் சொற்களை எழுதிக்கொள்வான். பாட்டி சொன்ன 'பழம்' என்னும் சொல்லில் உள்ள ழகரத்திற்கு அவ்வெழுத்தில் இடம் இல்லை என்பதை அன்று தானே கண்டறிவான். பிறர் வற்புறுத்தலால் வராத எழுத்தார்வம் அவ்விடத்தில் பிறக்கக்கூடும்.

பதிவதற்குப் பொருள் இல்லையோ எனின், குறைவே இல்லை. 1960-இல் எல்லை மாறியபோது, ஒரே குடும்பத்தில் அண்ணன் திருத்தணியிலும் தம்பி புத்தூரிலுமாக இருந்து இரு மாநிலத்தவராயினர். ரேணிகுண்டா சந்திப்பில் இரயில்வே பணியின் பொருட்டுக் குடியேறியவர்கள், பாகாலா வழியே மீட்டர் பாதையில் பயணம் செய்தவர்கள், சித்தூர் வெல்ல மண்டியிலும் மாம்பழக் கூழ்த் தொழிலிலும் உழைத்தவர்கள், திருமலைக்கு வரும் தமிழ் யாத்திரிகர்க்கு வழிகாட்டியவர்கள் என எத்தனையோ பெரியோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடக் கதை ஒன்றேனும் இராதா? மேலும், தெலுங்கும் தமிழும் கன்னடமும் கூடும் குப்பத்தில், தென்னாட்டு அரசுகள் சேர்ந்து 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவியுள்ளன. எல்லை மொழியின் அருமையை அறிந்தவர்கள் அண்மையிலேயே இருக்கின்றனர்.

சங்கம் செய்யத் தக்கன

வானொலி நிலையம் அமைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதற்கு உரிமமும் பெரும் பொருளும் வேண்டும். பூதிக்கோட்டையார் காட்டிய வழியே நமக்குப் போதும். முதலாவதாக, கோடை விடுமுறையில் பத்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், 12 முதல் 18 வயது வரை உள்ளார்க்கு ஒலிக்கதைப் பயிற்சி நடத்தலாம். கருவிக்கெனச் செலவு இல்லை. வீட்டில் உள்ள கைப்பேசியே போதும். இரண்டாவதாக, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு முதியவர் ஒருவரின் கதையைப் பதிந்து வரவேண்டும் என்று வைக்கலாம். மூன்றாவதாக, ஆண்டு விழாவில் பட்டிமன்றத்திற்கும் நடனத்திற்கும் நேரம் ஒதுக்குவதுபோல, அக்கதைகளிற் சிறந்த சிலவற்றை அரங்கில் விளக்கணைத்து அனைவரும் கேட்குமாறு செய்யலாம். நான்காவதாக, எல்லாப் பதிவுகளையும் யார், எவ்வூர், எந்நாள் என்ற குறிப்புடன் சங்கத்தில் இரண்டு படிகளாகப் பாதுகாக்க வேண்டும். பெயரும் நாளும் இல்லாத பதிவு இருபது ஆண்டுகளுக்குப் பின் எவருக்கும் பயன்படாது. ஐந்தாவதாக, தெலுங்கு நண்பர் வீட்டுப் பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னை நிலையத்தின் இரு அண்ணன்மாரும் நமக்குக் கற்பித்த பண்பு அதுவேயாகும்.

இதற்கு ஆசிரியராக இருக்கப் பெரும் புலமை வேண்டுவதில்லை. பிள்ளைகள் 'அண்ணா', 'அக்கா' என்று அழைக்கத் தக்கவர் இருவர் முன்வந்தாற் போதும். நம் சங்கத்தில் அத்தகையோர் இருக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் காலம் தாழ்த்துதல் ஆகாது. பிள்ளைகள் நாளையும் இருப்பர். நாம் பதிய எண்ணும் குரல்களுக்கு உரியவரோ எண்பதைக் கடந்தவர்கள். இவ்வாண்டுக் கோடைக்குள் பணியைத் தொடங்குவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!